உடனிருந்து உண்ணல்

சிவமயம்

சமயவொழுக்கம் என்றவுடன் கோயிலையும் திருமுறையையும் விரதத்தையும் நினைக்கின்றோம். அடுக்களையை நினைப்பார் அரியர். ஆயினும் ஒரு குடியின் சமயவொழுக்கம் எத்தன்மையது என்று அறிய விரும்புவார் அக்குடியினர் சோறுண்ணும் முறையைப் பார்த்தாலே போதும். யாவர் முன் உண்கின்றார், யாவர் பின் உண்கின்றார், யாவர் விராந்தையில் நிறுத்தப்படுகின்றார், யாவர்க்கு இலை போடப்படவில்லை என்பனவெல்லாம் அங்கே ஒளிவுமறைவின்றி விளங்கும். ஆதலின் உற்றாரும் நட்டாரும் உடனிருந்து உண்ணுதலைப் பற்றிச் சைவ நூல்கள் காட்டும் நெறியையும், நம் வன்னி நாட்டில் அஃது இன்று நிற்கும் நிலையையும் இங்கே சிறிது ஆராயப் புகுகின்றோம்.

பந்தி என்பது வரிசை எனப் பொருள்படும் வடசொல்லின் திரிபு. பந்தம் என்பது கட்டு எனப் பொருள்படும் வேறொரு சொல். ஒலியொப்புமை கண்டு இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் சொற்பொழிவாளரும் உளர். மாணாக்கர் அதனை நம்பிவிடலாகாது. சொல் வேறாயினும் பொருள் அணுகி வருதலை மறுத்தற்கில்லை. நம் கிராமங்களில் இரு குடும்பத்தார்க்குள் பகை மூண்டால், அஃது எத்துணைப் பெரிது என்பது அவர்கள் ஏசிக்கொள்வதால் அளக்கப்படுவதில்லை. “அவையின்ரை வீட்டிலை கை நனைக்கமாட்டம்” என்னும் ஒரு வார்த்தையால் அளக்கப்படும். திருமணப் பேச்சுக்குச் செல்பவர் சம்மதம் பிறக்குமுன் கை நனையார். காணிப் பிணக்கு நீதிமன்றத்தில் தீர்ந்துவிட்டதென்று தீர்ப்பேடு சொல்லலாம், ஊர் சொல்லாது. நெடுநாள் முகம் பாராதிருந்த தமையன் வீட்டில் தம்பி ஒரு பிடி சோறு உண்ட பின்னரே, ஊர் அதனைத் தீர்ந்ததாகக் கொள்ளும்.

இனி, நூல்நெறியை நோக்குவோம். திருத்தொண்டர் புராணத்திலே அடியார்க்கு அமுதூட்டிய வரலாறுகள் பல. அவற்றுள் உடனிருந்து உண்ணுதலின் இலக்கணத்தை முழுதும் காட்டுவது அப்பூதியடிகள் வரலாறு என்பது எமது கருத்து. திங்களூரில் வாழ்ந்த அந்தணராகிய அவர், வேளாளர் குலத்தில் உதித்த திருநாவுக்கரசு நாயனாரை நேரிற் காணாமலே பேரன்பு கொண்டு, தம் மைந்தர்க்கும் தண்ணீர்ப் பந்தருக்கும் பசுக்களுக்கும் அப்பெருமான் பெயரையே இட்டு வழங்கினார் என்பதும், நாயனார் ஒருநாள் அவ்வூருக்கு எழுந்தருளினார் என்பதும், அமுது சமைத்தபின் வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மைந்தனை அரவு தீண்டிற்று என்பதும் சிறுபிள்ளைகளும் அறிந்தவை. இக்கதையை வகுப்பிற் சொல்லும் ஆசிரியர் பெரும்பாலும் பாம்பு தீண்டிய இடத்தில் குரலை உயர்த்தி, பதிகம் பாடி விடந்தீர்த்த இடத்தில் முடித்துவிடுவர். யாமும் பல்லாண்டு அவ்வாறே செய்தோம். அற்புதத்துக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவை கவனிக்கப்படாமற் போகின்றன.

முன் நிகழ்ந்தது யாது? பெற்றோர் மகனுடைய உடலைப் பாயினாற் சுற்றி மறைத்துவிட்டு, துயரத்தைச் சிறிதும் புலப்படுத்தாது, நாயனாரை அமுதுசெய்ய அழைக்கின்றனர். இலை விரித்தாயிற்று. அமுது ஆயத்தம். நாயனார் இல்லத்தார் யாவர்க்கும் திருநீறு அளிக்கும்போது மூத்த பிள்ளையைக் காணவில்லை. அவனை அழைக்குமாறு கேட்கின்றார். அவன் இப்பொழுது இங்கே உதவான் என்று தந்தையார் மறைத்துச் சொல்கின்றார். அவ்விடையை ஏற்றுக்கொண்டு நாயனார் உண்ணத் தொடங்கியிருப்பாராயின் விருந்தோம்பலுக்கு ஒரு குறைவும் நேர்ந்திராது. எவரும் குற்றம் கூறியிரார். அவரோ அம்மறுமொழியால் உள்ளம் அமைதி பெறாது, உண்மையைச் சொல்லுக என்று மீண்டும் கேட்டார். எண்ணிப் பார்த்து, ஒருவன் குறைகின்றான் என்று கண்டு, குறைந்தவன் வரும்வரை சோற்றிற் கைவையாதிருந்தார். பாம்பின் நஞ்சைத் தீர்த்த செயலின் தொடக்கம் இந்த ஒரு கேள்வியே.

பின் நிகழ்ந்தது, நாயனார் தனித்து அமுதுசெய்யாது அப்பூதியடிகளையும் மைந்தரையும் தம்முடன் ஒருங்கிருத்தி உண்டமை. வேளாளரும் அந்தணரும், குருவும் அடியாரும், முதியவரும் சிறுவரும் ஒரே வரிசை. இதனைச் சேக்கிழார் பெருமான் பாடிய காலம் பன்னிரண்டாம் நூற்றாண்டு என்பதை நினைவிற்கொள்க. சேரமான் பெருமாள் நாயனார் திருவாரூருக்கு வந்தபொழுது, பரவையார் சமைத்த விருந்தைச் சுந்தரமூர்த்தி நாயனார் தம் தோழராகிய அரசரோடு உடனிருந்தே உண்டார். இவ்வரலாறுகளெல்லாம் குருபூசை நாட்களில் நம் மண்டபங்களிற் படிக்கப்படுகின்றன. படித்து முடிந்ததும் அன்னதானப் பந்தி தொடங்கும். சில இடங்களில் அப்பந்தி, படித்ததற்கு நேர்மாறாக அமைவதுதான் நம் துர்ப்பாக்கியம்.

வன்னிப் பெருநிலம் பலவிடத்தார் வந்து கூடிய நிலம். குளத்தை அண்டிப் பழங்காலந்தொட்டு வாழ்ந்த குடிகள் ஒருபுறம். இரணைமடுக் குளத்து நீரை நம்பி, 1936 இல் தொடங்கிய குடியேற்றத் திட்டத்தின் வழியாகவும் அதன் பின்னரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் ஒருபுறம். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களால் தெற்கிலிருந்தும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் துரத்தப்பட்டு வந்தவர் மற்றொருபுறம். காட்டை வெட்டி வயலாக்கிய கைகளுள் மலைநாட்டிலிருந்து வந்தவர் கைகள் எத்தனையோ. அவர்களுடைய பிள்ளைகள் இன்று எம்மிடம் படிக்கின்றனர். விருந்துக்கு அழைக்கும் வீடுகளை எண்ணும்போதோ அவர்கள் குடியிருப்பு வருமுன்னே எண்ணிக்கை நின்றுவிடும் ஊர்களை யாம் அறிவோம்.

எமது குற்றத்தையும் இங்கே சொல்லிவிடுதல் நேர்மை. யாம் கிறித்தவப் பாதிரிமார் நிறுவிய பாடசாலையொன்றிற் பயின்றோம். அதன் விடுதியிலே மணி அடித்தால் எல்லா மாணவரும் நீண்ட வாங்குகளில் ஒன்றாக அமர்வர். விடுதிப் பொறுப்பாளரும் அதே சோற்றை அதே மேசையில் உண்பார். அவர்கள் தங்கள் செபத்தைச் சொல்ல, சைவப் பிள்ளைகளாகிய யாம் மனத்துள்ளே திருவைந்தெழுத்தை ஓதிக்கொள்வோம். பக்கத்திலிருப்பவன் எந்தக் குடி என்று கேட்டவர் அங்கே இல்லை. விடுமுறைக்கு ஊர் வந்த யாம், இருபது வயதினராய், ஒரு கோயில் அன்னதானத்தில் சோற்று வாளி தூக்கினோம். மண்டபத்துப் பந்தி முடிந்தது. மதிலுக்கு வெளியே மரநிழலிற் பறைமேளகாரரும் அவர் பிள்ளைகளும் தத்தம் பாத்திரங்களோடு காத்திருந்தனர். “அவைக்குப் பிறகு குடுக்கலாம், வாளியை உள்ளுக்கு வை தம்பி” என்று ஒரு பெரியவர் சொன்னார். யாம் வைத்தோம். விடுதியிற் கற்றது ஒரு நொடியில் எங்கே போயிற்றென்று அன்று எண்ணவுமில்லை.

2009 ஆம் ஆண்டு வந்தது. மாத்தளனிலும் வலைஞர்மடத்திலும் முள்ளிவாய்க்காலிலும் நெருக்குண்டு கிடந்த சனங்களுக்கு அரிசியும் நீரும் உப்புமாகக் காய்ச்சிய கஞ்சியே பல நாள் உயிர்நிலையாய் இருந்தது. தொண்டர்கள் கிடாரங்களில் காய்ச்சி ஊற்றுவர். மக்கள் சிரட்டையோ பேணியோ கையிற் கிடைத்ததை ஏந்தி வரிசையில் நிற்பர். ஷெல் விழுந்தால் வரிசை கலையும். ஓய்ந்தால் மீண்டும் கூடும். அவ்வரிசையில் முன்பந்தி பின்பந்தி இல்லை. யாம் நின்ற வரிசையில் அகப்பை பிடித்தவர் அன்று மரநிழலிற் காத்திருந்தவருள் ஒருவர். முதல் நாள் நான்கு சிரட்டையோடும் மறுநாள் மூன்று சிரட்டையோடும் சென்றோம். அவர் அகப்பையை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

“வாத்தியார், நேற்று நாலெல்லே கொண்டந்தனீங்கள். இண்டைக்கு மூண்டு. மற்றப் பிள்ளை எங்கை?”

பிள்ளைக்குக் காய்ச்சல், பதுங்குகுழியிற் கிடந்து ஒன்றும் வேண்டாம் என்றது. அதனைச் சொன்னோம். அவர் தம்முடைய சிரட்டையை எடுத்து நிரப்பி, “எழும்பினா குடுங்கோ” என்று தந்தார். திங்களூரில் நாயனார் கேட்ட கேள்வியின் பொருள் எமக்கு விளங்கியது அன்றே. முப்பது முறையேனும் அக்கதையை வகுப்பிற் சொல்லியிருப்போம்.

பின்னர்ச் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் கம்பிவேலிக்குள் ஒரே விதமான வரிசையில் நின்று ஒரே விதமான சோற்றை உண்டனர். அம்முகாம் 2012 புரட்டாதியில் முற்றாக மூடப்பட்டது. மக்கள் தத்தம் ஊருக்கு மீண்டனர், தகரக் கொட்டில் போட்டனர், வயலைத் திருத்தினர், கோயிலைப் புதுக்கினர். கோயில் புதுக்கிய சில ஊர்களில் பழைய பந்தி வரிசையும் புதுக்கப்பட்டது. இடிந்த மதிலைக் கட்டும்போது அதனைக் கட்டாமல் விட்டிருக்கலாம்.

இங்கே ஆசாரம் அறிந்த பெரியோர் சிலர் தடைசொல்வர். போசனம் தூய்மையொடு கூடியது, விதிவிலக்குகள் உடையது, ஆறுமுகநாவலரவர்களே சைவ வினாவிடையிற் போசன விதிகளைக் கூறியிருக்கின்றார்களே, அதனைக் கைவிடுவதா என்பர். கைவிடவேண்டா. கைகால் கழுவுக, திருநீறணிக, சிவபெருமானை நினைந்து உண்க, புலாலும் கள்ளும் நீக்குக, இவற்றுள் ஒன்றேனும் பக்கத்திலிருப்பவன் இன்ன குடியிற் பிறந்தவன் என்பதனாற் கெடுவதில்லை. நாவலரவர்கள் சாதி வேற்றுமையில் தம் காலத்து வழக்கோடு நின்றவர்கள் என்பதை மறைத்தல் வேண்டா; அவர்கள்மேல் உள்ள பத்தி உண்மையை மறைப்பதனால் வளராது. ஆயினும் 1877 ஆம் ஆண்டளவிலே யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் பேதிநோயும் வாட்டியபொழுது, கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் உயிர் காத்தவர்களும் அவர்களே. அதற்குப் பத்தாண்டு முன்னர், 1867 இல், வடலூரிலே இராமலிங்க சுவாமிகள் தருமச்சாலை அமைத்து மூட்டிய அடுப்பு இன்றும் அவியாமல் எரிகின்றது. இவ்விருவர்க்கும் இடையே அருட்பா மருட்பா என நூல்வழக்கு மூண்டதும், அது நியாயத்தலம் வரை சென்றதும் யாவரும் அறிந்தன. கொள்கையால் இத்துணை வேறுபட்டவர் இருவரும் அடுப்பு மூட்டும் விடயத்தில் ஒன்றுபட்டனர். சைவத்துக்குப் புறத்தேயும் இதற்குச் சான்றுண்டு. அமிர்தசரசில் உள்ள சீக்கியர் பொற்கோயிலில் நாள்தோறும் பல்லாயிரவர் செல்வரென்றும் வறியரென்றும் வேறுபாடின்றித் தரையில் ஒரே வரிசையில் இருந்து உண்கின்றனர். வேற்றுச் சமயத்தார் செய்வதனாற் செய்க என்பதன்று எமது கருத்து. நம்முடைய திங்களூரில் நிகழ்ந்ததைப் பிறர் நாள்தோறும் செய்ய, நாம் ஆண்டுக்கொருமுறை படித்துவிட்டு மூடிவைப்பது நாணத்தக்கது என்பதே.

கோயிற் பந்தியை விட்டு வீட்டுக்கு வருவோம். எண்ணிப் பார்த்து, யார் குறைகின்றார் என்று கேட்கத் தொடங்கினால், பெரும்பாலான வீடுகளில் முதலாவதாகக் குறைபவள் தாயே. அவள் எல்லார்க்கும் பரிமாறி, எல்லாரும் எழுந்தபின், சட்டியில் ஒட்டியதை அடுப்படியில் இருந்து தனியே உண்கின்றாள். இதனைக் கற்பென்றும் பொறுமையென்றும் புகழ்ந்துவிட்டுக் கைகழுவப் போகின்றோம். போரின் பின் வன்னியிற் கணவனை இழந்து, தானே வயலுக்கோ கூலிக்கோ போய்க் குடும்பம் தாங்கும் பெண்கள் மிகப் பலர். பகல் முழுதும் உழைத்தவள் இரவிலும் கடைசியில் உண்ணவேண்டும் என்பதற்கு எந்த நூலிலும் விதி கண்டிலேம். சோற்றுச் சட்டியையும் கறிச் சட்டியையும் நடுவில் வைத்து, வேண்டியவர் எடுத்து உண்ண, அவளும் உடனிருத்தல் செய்தற்கரிய காரியமன்று. எங்கள் வீட்டிற் செய்து பார்த்தோம். முதற் கிழமை அவர் நாலுதரம் எழுந்தெழுந்து போனார். இரண்டாங் கிழமை இரண்டுதரம். இப்பொழுது தண்ணீர்ச் செம்பு எடுக்கப் பிள்ளைகள் எழுகின்றனர்.

இரண்டாவதாகக் குறைபவர், உடல் இருந்தும் அங்கே இராதவர். பிள்ளை கோப்பையை ஒரு கையிலும் கைத்தொலைபேசியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அறைக்குள்ளே போய்விடுகின்றான். அவனைக் குற்றஞ்சொல்லுமுன், அவன் சிறுவனாயிருந்தபோது சோறூட்டுவதற்கு அதே கருவியைக் காட்டியவர் யாவர் என்று தம்மைத்தாமே கேட்டுக்கொள்க. புலம்பெயர்ந்து போன மகனும் மகளும் அதே கருவியின் வழியாகவே வீட்டுச் சோற்றைப் பார்க்கின்றார்கள் என்பதும் உண்மை. கனடாவில் இருக்கும் பிள்ளைக்கு இங்கே பொங்கல் பொங்குவதைக் காட்டும் தாயை நாம் நகைக்கமாட்டோம். கருவி வராதவரை அழைத்துவரின் நன்று. வந்தவரை வெளியே கொண்டுபோயின் தீது. இவ்வளவே.

அயலாரோடும் நட்டாரோடும் உண்ணுதற்கு நம் முன்னோர் நாட்களை வகுத்து வைத்திருக்கின்றனர். ஆடிப்பிறப்பிற் கூழ் காய்ச்சினால் அது வேலி கடந்தே தீரவேண்டும். கூழைத் தனித்துக் குடித்த வீட்டை ஊர் மறவாது. வைகாசித் திங்களில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிற் பொங்கலுக்கு நந்திக்கடற்கரையிற் கூடும் சனத்திரளில், முன்பின் அறியாதவர் கையிற் பொங்கலை வாங்கி உண்ணாதவர் யாவர்? அதே வைகாசியில் முள்ளிவாய்க்கால் நினைவுநாட்களில் ஊர்கள்தோறும் உப்புக்கஞ்சி காய்ச்சிச் சிரட்டையில் வார்க்கின்றனர். அக்கஞ்சியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது, அதனை வார்த்த கைகள் எவருடையவை என்பதையும் சேர்த்துச் சொல்லல் வேண்டும்.

இவையெல்லாவற்றினும் வீட்டுக்குரியதாகச் சிறந்தது புதிர். காலபோக வெள்ளாண்மை தலைசாய்ந்து நிற்கத் தைப்பூசத்தன்று புதுக்கதிர் கொய்து வீட்டுக்குக் கொணர்ந்து, புத்தரிசி கலந்து பொங்கி, சுவாமிக்குப் படைத்து, குடும்பத்தார் அனைவரும் ஒருங்கிருந்து உண்பது நம் வழக்கம். வயலில் உடனுழைத்தவரையும் அன்று அழைப்பர். இப்பொழுது வெட்டு இயந்திரம் ஒரே பகலில் வயலை வெட்டி மூட்டையாக்கிக் கொடுத்துவிடுதலால், நெல் வீட்டுக்கு வராமலே ஆலைக்குப் போகின்றது. புதிர் பல வீடுகளில் மறந்துபோயிற்று. வேலை குறைந்தது நன்மையே. சூடு மிதித்த காலத்து முதுகுநோவை அறிந்தவர் அதனை மீண்டும் விரும்பார். ஆயினும் ஒரு பிடி கதிரைக் கையாற் கொய்து வைக்க இயந்திரம் தடைசெய்யவில்லை.

சென்ற சில ஆண்டுகளாகத் தைப்பூசத்தன்று யாமும் நண்பர் சிலரும் ஒருவர் வீட்டில் ஒருவர் புதிருண்டு வருகின்றோம். ஒருமுறை கிளிநொச்சிப் பக்கத்தில் ஓர் அம்மையார் வீட்டுக்குப் போனோம். அவருடைய மகன் 2009 இல் கையளிக்கப்பட்ட பின் எங்கே என்று தெரியாதவன். 2017 மாசி 20 ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றிலிற் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய தொடர்போராட்டத்தில் அவரும் இருந்தவர். இறந்தவர்க்குப் படையல் இடலாம். இருப்பவர்க்கு இலை போடலாம். இரண்டும் அறியாத தாய் என்செய்வாள்? “அவனுக்குப் படைக்கிறதோ, இலை போடுறதோ வாத்தியார்?” என்று எம்மைக் கேட்டார். முப்பது ஆண்டு சமயபாடம் கற்பித்த எமக்கு விடை தெரியவில்லை. யாம் அறுவர் இருந்தோம். அவரையும் பிடித்து இருத்தினோம். இருந்தவர் மீண்டும் எழுந்து, எட்டாவது இலையைத் தம் கையாலேயே தமக்குப் பக்கத்தில் விரித்து, புத்தரிசிச் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் தயிரும் இட்டார். அவன் சிறுவயதிற் குளத்தில் விழுந்த கதையை அயல்வீட்டு இளைஞன் சொல்ல, அவர் சிரித்தார். எல்லாரும் உண்டு எழுந்தபின் தம் இலையை எடுத்தார். மற்ற இலையைச் சிறிது நேரம் அப்படியே விட்டிருந்து, பின்பு அச்சோற்றைப் பசுவுக்கு வைத்தார்.

திருச்சிற்றம்பலம்